பாளையங்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் நல்ல ஜப்பானிய உணவகம் உண்டா?

பெருமாள்புரத்தான் எழுதியது:

வணக்கம். கேள்வி சின்னது, முன்கதை கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் ஹமாமட்சு என்ற ஊரில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, போன ஆனி மாதம் குடும்பத்தோடு திரும்பினேன். மோட்டார் சைக்கிளுக்கும் பியானோவுக்கும் பேர்போன ஊர் அது. இப்போது பெருமாள்புரத்தில் மாமனார் வீட்டு மாடியில் இருக்கிறோம். எனக்கு ஒரு குறையும் இல்லை. சொதியும் இஞ்சித் துவையலும் கிடைத்துவிட்டால் மற்றதையெல்லாம் மறந்துபோகிற நாக்கு என்னுடையது.

மகள் சங்கதி வேறு. இரண்டு வயதில் அங்கே போனவள், எட்டு வயதில் இங்கே வந்திருக்கிறாள். நமக்கு ஊர்ச் சாப்பாடு எதுவோ, அவளுக்கு அது அந்த ஊர்ச் சாப்பாடு. ஆச்சி ஆசையாக உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்தால் தட்டைக் காலி செய்கிறாள், குறை சொல்வதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்து பையை இறக்கியதும், "அப்பா, இங்கே உடோன் எங்கே கிடைக்கும்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிடுகிறாள். உடோன் என்றால் தடித்த கோதுமை நூடுல்ஸ். அழுவதில்லை. அழுதால்கூடச் சமாளித்துவிடலாம்.

போன மாதம் புறவழிச்சாலைப் பக்கம் புதிதாகத் திறந்த ஓர் உணவகத்தின் பலகையில் "ஜப்பானிய சுஷி" என்று பார்த்தேன். பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். குளிர்சாதன அறை, கறுப்புக் கல் தட்டு, சுவரில் பெரிய மீன் படம், எல்லாம் இருந்தன. எட்டுத் துண்டு சுஷி வந்தது. தொட்டதுமே தெரிந்துவிட்டது, சோற்றைச் சுருட்டிக் குளிர்பெட்டிக்குள் வைத்து எடுத்திருக்கிறார்கள். முந்தாநாள் புட்டு மாதிரி பருக்கை பருக்கையாக உதிர்ந்தது. உள்ளே கேரட், வெள்ளரிக்காய், மிளகாய்த் தூள் கலந்த மயோனைஸ். மேலே கொத்தமல்லித் தழை. மிசோ சூப் (புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்த சாறு) என்று வந்தது சோளமாவைக் கரைத்துச் சோயா சாஸ் ஊற்றிய கஞ்சி.

தட்டின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வசாபி உருண்டை. பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் குடும்பத்தோடு வந்திருந்தார். "இது என்ன தம்பி?" என்று கேட்டார். பரிமாறிய பையன், "புதினாச் சட்னி மாதிரி சார், தாராளமாகத் தொட்டுக்கொள்ளுங்கள்" என்றான். அவர் தொட்டுக்கொள்ளவில்லை, உருண்டையை முழுசாக எடுத்தார். என் மகள் "அபுனாய்" என்று முணுமுணுத்தாள். ஆபத்து என்று அர்த்தம். நான் எழுந்து தடுப்பதற்குள் அது வாய்க்குள் போய்விட்டது. பாவம், மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தும் மூக்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வசாபியின் காரம் மிளகாய்க் காரம் போல நாக்கில் நிற்காது, நேராக மூக்குக்கு ஏறும். தண்ணீருக்கு மசியாது.

பில் 1,860 ரூபாய். மகள் ஒரே ஒரு துண்டு தின்றாள், பழக்கதோஷத்தில் கைகூப்பி "கோச்சிசோசமா" சொன்னாள், காரில் ஏறியதும் கேட்டாள்: "அப்பா, அவர்கள் யாரும் சுஷியைப் பார்த்ததே இல்லையோ?" கோபமே இல்லை, இரக்கம்தான்.

நான் தேடுவது பெரிய இடம் இல்லை. ஹமாமட்சுவில் நாங்கள் சாப்பிட்டதெல்லாம் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில், முன்னால் கார் நிறுத்த விரிந்த இடம் விட்டுக் கட்டிய சாதாரணக் கடைகளில்தான். ஓடும் பட்டையில் தட்டுகள் வரும், குழந்தை தனக்கு வேண்டிய முட்டை சுஷியையும் வெள்ளரிச் சுருளையும் எடுத்துக்கொள்ளும். எனக்குப் பச்சை மீன் வேண்டாம். ஒரு கிண்ணம் உடோன், இல்லை கோழியும் முட்டையும் சோற்றின்மேல் கவிழ்த்த ஓயகோடோன், இல்லை அவர்களுடைய கெட்டிக் குழம்பும் சோறும். ஏதாவது ஒன்று ஒழுங்காகக் கிடைத்தால் போதும். தூத்துக்குடி, தென்காசி, நாகர்கோவில், கோவில்பட்டி எதுவானாலும் போவேன். மதுரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகலாம். திருவனந்தபுரம் என்றால், நீங்களே சாப்பிட்டுப் பார்த்த இடமாக இருக்க வேண்டும். இணையத்தில் தேடு என்று மட்டும் சொல்லாதீர்கள். தேடினால் மோமோ வண்டியும் ஃப்ரைடு ரைஸ் கடையும்தான் வருகின்றன.


ரதவீதி_வாசி எழுதியது:

வாசலில் அல்வா மணக்கும் ஊரில் வேகாத மீனைத் தேடி அலைகிறீர்களே அண்ணாச்சி. பிள்ளைக்குச் சுடச்சுடக் கால் கிலோ வாங்கிக் கொடுங்கள், ஜப்பான் தானாக மறந்துவிடும்.


பெருமாள்புரத்தான்:

வாங்கிக் கொடுத்தோம். கால் கிலோவையும் தீர்த்துவிட்டு, "இது சூடான வராபி மோச்சி" என்று சொல்லிவிட்டாள். அங்கே கிடைக்கும் வழவழப்பான ஓர் இனிப்பு அது. அடுத்த யோசனையைச் சொல்லுங்கள்.


முன்னாள்_ஓரகடம் எழுதியது:

ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் வட்டாரத்தில் பன்னிரண்டு வருடம் ஜப்பானியர்களோடு வேலை செய்தவன். இப்போது கே.டி.சி. நகரில் வீடு. எனக்குத் தெரிந்து நெல்லையில் நீங்கள் கேட்கிற கடை இல்லை. தூத்துக்குடியிலும் நாகர்கோவிலிலும் நான் பார்க்கவில்லை. ஆனால் எந்த ஊரில் எந்தப் பலகையைப் பார்த்தாலும், 1,860 ரூபாய் கொடுக்காமலே கடையை எடைபோட வழி இருக்கிறது. என் மேலதிகாரியாக இருந்த ஜப்பானியரிடம் கற்றுக்கொண்டது.

முதலில் உணவுப் பட்டியலின் கனத்தைப் பாருங்கள். சுஷி, மோமோ, தாய்லாந்துக் குழம்பு, கொரியக் கோழி எல்லாம் ஒரே அட்டையில் இருந்தால் அங்கே சமைப்பது உறைபெட்டி. அடுத்தது சூப். அவர் எந்தக் கடைக்குப் போனாலும் மிசோ சூப் மட்டும் வரவழைப்பார், குடிக்க மாட்டார், இரண்டு நிமிடம் அப்படியே வைத்துப் பார்ப்பார். நிஜ மிசோ என்றால் கலங்கல் மெல்ல அடியில் இறங்கும், மேலே தெளிந்த சாறு நிற்கும். கிண்ணத்துக்குள் மேகம் நகர்வது போலத் தெரியும். கரண்டியை விட்டால் மறுபடி கலங்கும். சோளமாவு போட்டது எத்தனை நேரம் வைத்தாலும் ஒரே மாதிரி நிற்கும். மேகம் தெரிந்தால் மட்டும் உட்காருவார். தெரியாவிட்டால் சூப்புக்குக் காசு கொடுத்துவிட்டு, "பக்கத்தில் பிரியாணி நன்றாக இருக்குமே" என்று கிளம்பிவிடுவார்.

டெம்புரா இன்னொரு அத்தாட்சி. கோதுமை மாவைக் குளிர்ந்த தண்ணீரில் அரைகுறையாகக் கலக்கி, கட்டி கட்டியாக இருக்கும்போதே தோய்த்துப் போடுவார்கள். மேல்தோல் மெல்லியதாக, வெளிறி, உள்ளே இருக்கும் காயின் நிறம் தெரியும்படி வர வேண்டும். பொன்னிறமாகத் தடித்து வந்தால் அது பஜ்ஜி. பஜ்ஜியைக் குறை சொல்லவில்லை. 320 ரூபாய்க்குப் பஜ்ஜி தின்ன வேண்டுமா என்பதுதான் கேள்வி.

சூடான ஈரத் துண்டு கொடுக்கிறார்கள், தலை வணங்குகிறார்கள், சுவரில் மரப்பலகை அடித்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் கணக்கில் எடுக்காதீர்கள். அதெல்லாம் ஒரு வாரப் பயிற்சி. போவதற்கு முன்னால் தொலைபேசியில், "என்ன அரிசி போடுகிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். "எல்லாம் நல்ல அரிசிதான் சார்" என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். சமையல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொன்னால் போய்ப் பாருங்கள்.

சென்னையில் நான் இருந்த நாட்களில் நுங்கம்பாக்கம் காவேரி வளாகத்தில் டாலியா என்ற பழைய கடைக்குப் போவோம். அலங்காரம் ஒன்றும் இருக்காது. ஜப்பானியர்கள் தனியாக வந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுப் போவார்கள். தனியாக வந்து சாப்பிடுகிற ஆள் இருக்கிற கடைதான் நல்ல கடை என்பது என் கணக்கு. 2023 செப்டம்பரில் வந்தே பாரத் வந்தபிறகு, காலையில் நெல்லை சந்திப்பில் ஏறினால் மதியம் எழும்பூரில் இறங்கிவிடலாம். உடோனுக்காக 600 கிலோமீட்டருக்கு மேல் போவதா என்று வீட்டில் கேட்டால் என்னைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.


முத்துநகர்_ஐஸ்பெட்டி எழுதியது:

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஐஸ் வியாபாரம். அண்ணாச்சி பச்சை மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நல்லது. ஆனாலும் இதைப் படிக்கிற யாராவது, ஐம்பது கிலோமீட்டரில் கடல் இருக்கிறதே, சூரை வாங்கி வீட்டிலேயே சஷிமி போடலாமே என்று கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் மீன் நல்ல மீன். குழம்புக்கு அதற்கு மிஞ்சி ஒன்றும் இல்லை. ஆனால் பச்சையாகத் தின்பதற்கான மீன் வேறு. அதைத் தீர்மானிப்பது பிடித்த முதல் பத்து நிமிடம். ஜப்பானியர்கள் மீன் படகில் ஏறியதும் மூளையில் கூர்முனையால் குத்தி, இரத்தத்தை வடித்து, உடனே பனிக்கட்டித் தண்ணீரில் இறக்குவார்கள். இக்கெஜிமே என்று பெயர். வலையில் மாட்டிய சூரை பல மணி நேரம் துள்ளித் துடிக்கும். துடிக்கத் துடிக்க உடல் சூடேறும். அந்தச் சூட்டோடு ஐஸ் போதாத பெட்டியில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் ஊறும். தின்றவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிக்கும். வேகவைத்தாலும் அது போகாது, உறையவைத்தாலும் போகாது. சூரைக்குச் சொல்கிறேன், எல்லா மீனுக்கும் இல்லை.

மற்ற மீன்களில் பயம் புழு. மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் வைத்தால் புழு சாகும். வீட்டுக் குளிர்பெட்டியின் மேல்தட்டு அந்தக் குளிருக்குப் போகாது. அதனால் நம் பக்கத்து உணவகத்தில் "இன்று காலை பிடித்த மீன் சார்" என்று சொல்லிப் பச்சை மீன் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். உறையவைத்து வந்த மீன் என்று சொன்னால்தான் நம்பலாம்.

சால்மன் நம் கடல் மீனே இல்லை, எங்கோ குளிர்நாட்டுப் பண்ணையிலிருந்து வருவது. ஜப்பானியர்களே அதைப் பச்சையாகத் தின்னப் பழகியது 1980களில் நார்வேக்காரர்கள் கொண்டுபோய் விற்ற பிறகுதான். நண்டுக் குச்சி என்று சுஷிக்குள் வைப்பதில் பெரும்பாலும் நண்டு கிடையாது. வெள்ளைச் சதை மீனை அரைத்து, நிறம் பூசிச் செய்வது.

இன்னொன்று. மணப்பாட்டுக் குகையில் தங்கி எங்கள் கடற்கரை முழுக்க நடந்த சவேரியார், 1542இல் இங்கே வந்தவர், 1549இல் ககோஷிமாவில் போய் இறங்கினார். டெம்புராவும் போர்த்துக்கீசியர்கள் வழியாக அங்கே போனதுதான் என்பார்கள். ஓரகடத்துக்காரர் பஜ்ஜியை அவ்வளவு இளக்காரமாகப் பேச வேண்டாம்.


முன்னாள்_ஓரகடம்:

இளக்காரம் இல்லை அண்ணாச்சி. விலையைத்தான் சொன்னேன்.


அம்பை_வயல்காரர் எழுதியது:

தம்பி, நான் வேளாண் துறையிலிருந்து ஓய்வுபெற்றவன். ஜப்பான் சாப்பாடு எனக்குத் தெரியாது, அரிசி தெரியும். நீங்கள் எழுதியதில் "பருக்கை பருக்கையாக உதிர்ந்தது" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்தக் கடைக்காரர் செய்த தப்பு என்னவென்று ஊகிக்க முடிகிறது. ஜப்பான் அரிசி குட்டையாக, குண்டாக இருக்கும் என்று எங்கோ படித்திருப்பார். நம்மிடம் குண்டு அரிசி என்றால் அம்பை 16. இங்கே அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில், 1937இல் தொடங்கிய நிலையம் அது, 1986இல் வெளியிட்ட ரகம். கார் பருவத்துக்கு எங்கள் பக்கம் இதை விட்டால் வேறு பேச்சு கிடையாது. குட்டை, குண்டு, வெள்ளை. பார்வைக்கு ஜப்பான் அரிசிக்கு ஒன்றுவிட்ட தம்பி.

ஆனால் ஒட்டுவதும் ஒட்டாததும் நீளத்திலோ குட்டையிலோ இல்லை, மாவுச்சத்தில் இருக்கிறது. அதில் ஒரு வகையான அமைலோஸ் கூடுதலாக இருந்தால் சோறு உதிரும், ஆறினால் விறைக்கும். குறைந்தால் ஒட்டும், ஆறினாலும் மெத்தென்று இருக்கும். நாம் தலைமுறை தலைமுறையாக உதிர்ந்த சோறு வேண்டும் என்று கேட்டவர்கள், ரகமும் அப்படியே வந்தது. அவர்கள் ஒட்டும் சோறு கேட்டார்கள். இதில் புழுங்கல் வேறு வாங்கினால் தீர்ந்தது. நெல்லாக இருக்கும்போதே ஒரு தடவை அவிந்து இறுகிய அரிசி அது, எத்தனை குழைய விட்டாலும் கூழாகுமே தவிர ஒட்டாது. குளிர்பெட்டியில் வைத்தால் எந்த அரிசியும் விறைக்கும், உதிரும் அரிசி இரட்டிப்பாக விறைக்கும்.

ஆகவே ஓரகடத்துத் தம்பி சொன்ன அந்தத் தொலைபேசிக் கேள்வி மிகச் சரியான கேள்வி. "அம்பை 16 போடுகிறோம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குச் சந்தோஷம், உங்களுக்கு நஷ்டம்.


மகாராஜநகர்_மதினி எழுதியது:

நாங்கள் சைவம். பெங்களூரில் தம்பி வீட்டுக்குப் போனபோது ஒரு ஜப்பானியக் கடையில் காய்கறி உடோன் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஊருக்கு வந்தபிறகு, அந்தச் சாற்றில் மீன் இருக்கும் என்று யாரோ சொல்லி ஒரு வாரம் எனக்கு மனசே சரியில்லை. உண்மையா? சைவமாகச் செய்யவே முடியாதா?


பெருமாள்புரத்தான்:

மதினி, உண்மையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மன்னியுங்கள். அவர்கள் அகராதியில் காய்கறி உடோன் என்றால் மேலே காய்கறி கிடக்கிறது என்று அர்த்தம். சாறு பற்றி அதில் பேச்சே இல்லை. அந்தச் சாறுக்கு தாஷி என்று பெயர். கொம்பு என்ற கடற்பாசியும் கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீனும் சேர்ந்தது. ஆனால் புத்தக் கோவில்களில் துறவிகளுக்குச் சமைக்கும் ஷோஜின் முறையில் மீன் கிடையாது, கொம்பும் காய்ந்த ஷிட்டாகே காளானும்தான். காளான் உங்கள் வீட்டில் ஆகாது என்றால் கொம்பு மட்டும் போதும். விரல் நீளத் துண்டு இரண்டை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறப்போடுங்கள், காலையில் மெதுவாகச் சூடாக்கி, கொதி வருவதற்கு முன்னால் துண்டை எடுத்துவிடுங்கள். கொதித்தால் வழவழப்பும் ஒரு கசப்பும் இறங்கிவிடும். 1908இல் தோக்கியோவில் இகெதா என்ற பேராசிரியர், இந்தக் கொம்புச் சாற்றின் ருசி எதனால் என்று ஆராய்ந்துதான் குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். கடையில் கேட்கும்போது "சைவமா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "தாஷியில் மீன் உண்டா?" என்று கேளுங்கள்.

ஐஸ்பெட்டி அண்ணாச்சிக்கு ஒரு செய்தி. கட்சுவோபுஷி என்பது சூரை இனத்து மீனை அவித்து, புகையில் போட்டு, கட்டை போலக் காய்ந்து இறுகும்வரை உலர்த்துவது. உயர்ந்த ரகத்துக்குப் பூஞ்சணமும் ஏற்றுவார்கள். பூஞ்சணத்தை விட்டால் அது நம் மாசிக் கருவாடுதான். போன வாரம் தூத்துக்குடியிலிருந்து மாசி வரவழைத்து, மாமனாரின் தச்சு இழைப்புளியைக் கவிழ்த்துப் பிடித்துச் சீவினேன். சீவல் சுருளவில்லை, பொடியாகத்தான் விழுந்தது. உப்பு தூக்கல், வாசனையும் முரடு. இருந்தாலும் வடிகட்டி, இரண்டு பங்கு தண்ணீர் விட்டு, சோயா சாஸ் சேர்த்துக் கொடுத்தபோது மகள் ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தாள். "கிட்டத்தில் இருக்கிறது" என்றாள். இழைப்புளியில் மீன் வாடை போகவில்லை. மாமனார் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.


தாழையூத்து_லாரி எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன், யாரும் கங்கைகொண்டானை நினைக்கவில்லையே. சிப்காட்டில் இருக்கும் டயர் ஆலையை 2016இல் ஜப்பானின் யோக்கோஹாமா ரப்பர் வாங்கியது. அந்தப் பக்கம் ஜப்பானிய முகங்களை அவ்வப்போது பார்க்கலாம். அவர்கள் வந்து தங்கினால் எங்கே சாப்பிடுவார்கள் என்று யோசித்தீர்களா?

நாற்கரச் சாலை ஓரத்தில் ஒரு பரோட்டாக் கடை. பெயர்ப்பலகையில் பிரியாணி, பரோட்டா, சைனீஸ் என்றுதான் இருக்கும், ஜப்பான் என்ற எழுத்தே கிடையாது. அங்கே சைனீஸ் அடுப்பில் நிற்பவர் டார்ஜிலிங் மலைக்காரர். ஸ்ரீபெரும்புதூரில் ஜப்பானியர்கள் தங்கும் விடுதி ஒன்றில் ஒன்பது வருடம் சமைத்தவர். மானூர்ப் பக்கம் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டார். எங்கள் லாரி ஷெட்டில் இறக்குமதி இயந்திரம் இறக்க வந்த இரண்டு ஜப்பானியர்கள் அங்கே உட்கார்ந்து கிண்ணத்தைத் தூக்கிக் குடித்ததை நானே பார்த்தேன். ஒரு நாள் முன்னால் சொன்னால்தான் செய்வார். எண் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். நான் அங்கே பரோட்டா மட்டும்தான் சாப்பிட்டிருக்கிறேன், அதனால் ருசிக்கு நான் பொறுப்பில்லை.


பெருமாள்புரத்தான்:

போய் வந்துவிட்டோம். நேற்று, சனிக்கிழமை இரவு.

முதலில் தொலைபேசியில் கேட்டேன், "என்ன அரிசி?" ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு அவரே வந்து, "பொன்னிதான் இருக்கிறது, ஒட்டாது. ஜப்பான் அரிசி இல்லை. சோறு வேண்டாம், உடோன் செய்து தருகிறேன்" என்றார். அங்கேயே எனக்குப் பாதி வயிறு நிறைந்துவிட்டது. தாஷித் தூள் தீர்ந்துவிட்டது என்றும் சொன்னார். சீவிய மாசியை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலில் பரோட்டாக் கல், ஓரமாக நாலு லாரி, உள்ளே ஆறு மேசை. பரோட்டாவுக்குப் பிசைகிற அதே மைதாதான் உடோனுக்கும். எண்ணெயும் முட்டையும் சேர்க்காமல், உப்புத் தண்ணீர் மட்டும் விட்டு இறுக்கமாகப் பிசைந்து, மூன்று மணி நேரம் ஊறவைத்திருந்தார். ஜப்பானில் அந்த மாவைப் பைக்குள் போட்டுக் காலால் மிதிப்பார்கள், அவ்வளவு இறுக்கம். இவர் மிதித்தாரா என்று நான் கேட்கவில்லை. தேய்த்து, மூன்றாக மடித்து, வெங்காயம் நறுக்குகிற கத்தியால் வெட்டினார். பரோட்டா மாஸ்டர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். "மாவை வீசாமல் வெட்டுகிறாயே, கை நடுங்கவில்லையா?" என்று கேட்டார். நூடுல்ஸ் ஒரே அளவில் வரவில்லை. சிலது பென்சில் தடிமன்.

பொரித்த கோழி, கராகே, முதலில் வந்தது. இஞ்சியும் சோயாவும் ஊறிய கோழி. உருளைக்கிழங்கு மாவுக்குப் பதில் சோளமாவு, ஆனாலும் கடித்ததும் சத்தம் வந்தது. மிசோ சூப்பை இரண்டு நிமிடம் வைத்துப் பார்த்தேன். ஓரகடத்து நண்பரே, மேகம் இறங்கியது! மனைவி, "ஆறுகிறது, குடியுங்கள்" என்று அதட்டிய பிறகுதான் குடித்தேன்.

உடோன் வந்ததும் மகள் ஒன்றும் பேசவில்லை. உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி வாயில் வைத்தாள். பரோட்டா மாஸ்டர் பதறி, "ஸ்பூன் தரட்டுமா பாப்பா?" என்றார். சமையல்காரர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு மகள் அவரிடம் ஜப்பானிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னாள். அவருக்குத் தெரிந்தது நாலைந்து வார்த்தைதான், சிரித்துத் தலையாட்டினார். என்ன சொன்னாய் என்று காரில் கேட்டேன். "நன்றாக இருக்கிறது, ஆனால் நூடுல்ஸில் வழவழப்பு போதாது, இன்னும் கொஞ்ச நேரம் வேகவிடுங்கள் என்று சொன்னேன்" என்றாள். அவருக்குப் புரியாமல் போனது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. அடுத்த தடவை நானே தமிழில் சொல்கிறேன்.

நான்கு பேருக்கு 740 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை செய்ய மாட்டார், அன்றைக்குப் பிரியாணிக் கூட்டம். மதினி, உங்களைப் பற்றிக் கேட்டேன். கொம்பு கொண்டுவந்து கொடுத்தால் தனிப் பாத்திரத்தில் சைவச் சாறு வைத்துத் தருகிறாராம். ஆனால் அடுப்பு அதே அடுப்பு, பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்திரையில் என் பழைய நண்பர் ஒருவர் ஹமாமட்சுவிலிருந்து வருகிறார். கொம்பு, மிசோ, ஐந்து கிலோ அரிசி கேட்டிருக்கிறேன். பெட்டியில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறதாம். யாருக்கு என்ன வேண்டும் என்று பங்குனி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். அம்பை ஐயா, அந்த அரிசியில் ஒரு பிடி உங்களுக்கு எடுத்துவைக்கிறேன்.